கருவாட்டு வில்

என் மனைவியின் வில்லை நான் உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நெய்ச்சோறு சாப்பிட்ட கையோடு. கோபத்தில் உடைக்கவில்லை. கோபத்தில் உடைத்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். மச்சினன் முன்னால் பெருமையடிக்கப் போய் உடைத்தேன்.

மட்டாஞ்சேரியில் பழைய மரச்சாமான்களுக்கு மெருகு போடும் கடை வைத்திருக்கிறேன். நாற்காலி, கட்டில், அலமாரி, நிறம் போன ஊஞ்சல் பலகை, எது வந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்கு ஆக்கிக் கொடுப்பேன். இருபது வருடமாக இதே வேலை என்பதால் மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வீட்டிலும் அவ்வப்போது சொல்லி வைத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மனைவிக்குத் தையல் கடை. பதினெட்டு வருடம் மெஷின் முன்னால் குனிந்தே இருந்ததில் வலது தோள் இறுகி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் ரப்பர் பட்டையை ஜன்னலில் கட்டி தினமும் இழுக்கச் சொன்னார்கள். ஒரு மாதம் இழுத்தாள். ஜன்னல்தான் கழன்றது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மைதானத்தில் பிள்ளைகள் அம்பு விட்டுப் பழகுவதைப் பார்த்துவிட்டு, "இதுவும் இழுக்கற வேலைதானுங்களே, ஜன்னலாவது மிஞ்சும்" என்று போய்ச் சேர்ந்துகொண்டாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நான் கேலி செய்தேன். "எனக்கு நாப்பத்திரெண்டுதானுங்க" என்றாள். ஆறே மாதத்தில் பலகையின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் அம்பு அம்பாகக் குத்த ஆரம்பித்தாள். நான் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

வில் விஷயத்தில் அவள் எனக்குச் சொல்லியிருந்த விதி ஒன்றே ஒன்று. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. இழுத்த வேகமெல்லாம் அம்போடு போய்விட வேண்டும். போக அம்பு இல்லையென்றால் வில்லுக்குள்ளேயே திரும்பும். பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். பொள்ளாச்சியிலிருந்து கொச்சிக்கு வேலைக்கு வந்து, எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பி அன்றைக்கு, "மச்சான், அக்கா வில்லை உங்களால இழுக்க முடியுமா?" என்று கேட்டான். நான் இழுத்தேன். காது வரைக்கும் இழுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விட்டேன்.

மேல் பாதி ஒடிந்து தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தில் விழுந்தது. சமையலறையிலிருந்து வந்து பார்த்த மனைவி, பச்சடியைத்தான் முதலில் எடுத்து ஓரமாக வைத்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்றேன்.

"வேண்டாங்க. நீங்களே செஞ்சு குடுங்க. மரம் தெரிஞ்ச ஆளுதானே."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஓணம் கழிந்து எர்ணாகுளத்தில் மூங்கில் வில் போட்டி; நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கும் ஒரு பிரிவு. முதல் நாலு பேர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மைதானத்தில் இருந்த பொது வில் வாலிபப் பையன்களுக்கானது. மூன்று அம்பு விட்டாலே அவள் தோள் வலித்தது; பிள்ளைகளின் குட்டி வில் பழகத்தான் ஆகும், போட்டிக்கு ஆகாது. கடையில் விற்பதும் அப்படித்தான், ஆளைப் பார்த்துச் செய்ததில்லை; உடைந்தது எப்படியோ அவளுக்கு வாய்த்த ஒரு பழைய வில். அவள் தோளுக்கு ஏற்ற வில் இல்லையென்றால் போட்டி இல்லை. பதினெட்டு வருடம் குனிந்திருந்தவள் முதல்முறையாக நிமிர்ந்து நின்று செய்த வேலை அது. அதைத்தான் நான் பச்சடியில் போட்டேன். எட்டு மாதம் இருந்தது.

அவளுடைய பயிற்சியாளரிடம் போய்க் கேட்டேன். மனிதர் பொறுமையாகச் சொன்னார். மூங்கில் மூன்று நாலு வயசு முற்றியதாக, உள்ளே ஓட்டை சிறுத்த கல்மூங்கிலாக இருக்க வேண்டும். தேய்பிறையில், அமாவாசையை ஒட்டி வெட்ட வேண்டும்; வளர்பிறையில் வெட்டினால் உள்ளே இனிப்பு ஏறி நின்று வண்டு வந்து தின்றுவிடும். ஓடும் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப்போட வேண்டும். நிழலில் காய வைக்க வேண்டும். பிளந்து, உள்பக்கத்தை மட்டும் சீவி மெலிதாக்க வேண்டும். இவ்வளவுக்கும் நான் தலையாட்டினேன். கடைசியாக வேறு ஏதோ ஒன்றும் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய மேசையின் ஓரத்தில் பாலிஷ் உரிந்திருந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சினன் வேலை பார்க்கும் சுக்கு குடோனில் கூட இருப்பவருக்குப் பெரும்பாவூர் பக்கம் ஆற்றங்கரையில் நிலம். அங்கே கல்மூங்கில் புதர் ஒன்று இருந்தது. இருவரும் போனோம். முற்றிய மூங்கிலைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நான் ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "ம்ம்" என்றேன். எல்லாம் ஒரே மாதிரிதான் சத்தம் போட்டன. நிலத்துக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பச்சை மங்கி, கணுவில் ஓலையெல்லாம் உதிர்ந்து, பாசி படிந்திருந்த நாலு மூங்கிலைக் கையால் காட்டினார். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் சண்டை வந்தது. நோன்பும் பெருநாளும் பிறை பார்த்துத்தான் என்பதால் எங்கள் வீட்டில் பிறைக் கணக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த மாதம் கேரளத்தில் பிறை பார்த்ததற்கு மறுநாள்தான் தமிழ்நாட்டில் பார்த்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது கொச்சி, ஆகவே கேரளக் கணக்கு. மச்சினன் இங்கே வந்து ஒரு வருடம் ஆகியும் பொள்ளாச்சிக் கணக்கை விடாதவன். போன பெருநாளன்று நாங்கள் பிரியாணி தின்றபோது நோன்போடு எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தான். என் கணக்குப்படி அன்று பிறை இருபத்தெட்டு, வெட்ட வேண்டிய நாள். அவன் கணக்குப்படி இருபத்தேழு.

"நாளைக்கு வெட்டலாம் மச்சான். ஒரு நாள் முந்தினா வண்டு விழும்."

"நாளைக்கு வெட்டினா ஒரு நாள் பிந்திப்போயிடும்டா."

பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்த நிலத்துக்காரர் வானத்தைக் காட்டி, "மானத்து ஒரு அம்பிளியல்லே உள்ளூ?" என்றார். வானத்தில் ஒரு நிலாதானே இருக்கிறது என்று அவர் கேட்டது நியாயம்தான். நியாயம் பேசுகிற நிலையில் நாங்கள் இல்லை. கடைசியில் அன்றைக்கு இரண்டு, மறுநாள் திரும்பி வந்து இரண்டு என்று வெட்டினோம். எந்தப் பிறை ஜெயிக்கிறது என்று பார்ப்பதற்காக, மனைவியின் கடையிலிருந்து துணி நறுக்கு கொண்டுவந்து கேரளப் பிறை மூங்கில்களுக்குச் சிவப்பும் தமிழ்நாட்டுப் பிறை மூங்கில்களுக்குப் பச்சையும் கட்டினோம்.

நாலையும் மட்டாஞ்சேரி காயலில், படகுத்துறைப் பக்கம் ஒரு கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டி ஊறப்போட்டோம். காயல் என்றால் கடலோடு சேர்ந்து ஏற்றமும் இறக்கமும் உண்டு. இது கொச்சியில் பிறந்த எவனுக்கும் தெரியும். தெரிந்தும், தண்ணீர் ஏறுகிற வேலியேற்றத்தில் கயிறு எவ்வளவு இழுபடும் என்று நான் யோசிக்கவில்லை. மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் ஒரு சிவப்பும் ஒரு பச்சையுமாக இரண்டுதான் இருந்தன.

பத்து நாள் கழித்து ஃபோர்ட் கொச்சிக்கு ஒரு நாற்காலி கொடுக்கப் போனேன். சீன வலைக்குப் பக்கத்தில் மீன் விற்கிற இடத்தில் தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு ஒரு மூங்கில் நின்றது. அதன் கழுத்தில் சிவப்புத் துணி.

"சேட்டா, அது என் மூங்கில்" என்றேன்.

வலைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வலையில கேறியது வலைக்காரனுக்கு" என்றார்.

"அது வில்லுக்கு வெச்ச மூங்கில்."

"இப்ப அது கூரைக்கு வெச்ச மூங்கில்."

பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தார்ப்பாய்க்குக் கீழே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று இறால் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் தலையில் கூரையை இறக்கி ஊர் மானத்தை வாங்க வேண்டாம் என்று வந்துவிட்டேன். வேண்டுமானால் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், கம்பீரமாக நிற்கிறது.

மிச்சம் இரண்டையும் மச்சினன் தன் சுக்கு குடோனின் மாடியில் காய வைத்தான். இந்த ஊரில் மழைக்காலத்தில் காய்ந்த காற்று கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஆனால் எலிகள் இரண்டு துணியையும் தின்றுவிட்டன. ஆவணி பிறக்கும்போது ஒரு மூங்கிலுக்குள்ளிருந்து கிர்ர் கிர்ர் என்று சத்தமும் கீழே மாவு மாதிரி தூளும் வந்தது. வண்டு. இது உன் பிறை என்றேன். இல்லை உங்க பிறை என்றான். துணி இல்லாததால் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் வாய்தா போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைப் பிளந்து, உள்பக்கத்தைச் சீவி, இரண்டு முனையிலும் நாண் மாட்ட வெட்டு வைத்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. சுவரில் ஆணியடித்து வில்லின் நடுவை அதில் மாட்டி, நாணில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளைந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. வில்லின் வெளிப்பக்கம், மூங்கிலின் தோல் இருக்கிற பக்கம், கணு கணுவாகச் சொரசொரவென்று இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. இருபது வருடப் பழக்கம். உப்புத்தாளை எடுத்தேன். கணுவெல்லாம் மட்டமாகும் வரை தேய்த்தேன். மூன்று கை பாலிஷ் ஏற்றினேன். காலையில் பார்த்தால் அதில் என் முகம் தெரிந்தது.

மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். "அழகா இருக்குதுங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அம்பை வைத்து இழுத்தாள். பாதி இழுப்பிலேயே தோல் பக்கம் சடசடவென்று சிம்பு கிளம்பி வில் இரண்டாகப் பிளந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். பயிற்சியாளர் கடைசியாகச் சொன்னது என்னவென்று அப்போது ஞாபகம் வந்தது. தோல் பக்கத்தைத் தொடவே கூடாது. மூங்கிலின் பலமெல்லாம் அந்தத் தோலில்தான்.

போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவள் திட்டவில்லை. உடைந்த துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தோள் இப்ப வலிக்கறதே இல்லீங்க. வில்லுதான் இல்ல. அதுதான் சங்கடமா இருக்குது" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கேட்டது அதிகமில்லை. கேட்ட ஒன்றையும் பளபளவென்று தேய்த்து நாசமாக்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது. கடைக்குப் போய், வேலை இருப்பது போல ஒரு ஸ்டூலை வெறுமனே திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வைப்பினில் ஒரு வீட்டுக்குப் பெஞ்சு கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுச் சேச்சி கருவாடு விற்பவர். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது என்பதால் பின்பக்கக் கொட்டகையில், விறகடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளைக் குறுக்காகக் கட்டி, அவற்றில் மீனைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். பெஞ்சை இறக்கிவிட்டு நிமிர்ந்தவன் ஓரத்துக் கழியைப் பார்த்தேன். புகையேறிக் கறுத்து, ஒரு துளை இல்லாமல், ஒரு வெடிப்பு இல்லாமல், நேராக இருந்தது. தட்டிப் பார்த்தேன். டங்கென்றது. முதல்முறையாக ஒரு மூங்கிலின் சத்தம் எனக்கு நிஜமாகவே புரிந்தது.

"சேச்சி, இந்தக் கழி எவ்வளவு காலமா இருக்கு?"

"பந்த்ரண்டு கொல்லம்." பன்னிரண்டு வருடம். எந்த வண்டுக்கு அந்தப் புகைக்கும் உப்புக்கும் பக்கத்தில் வரத் தைரியம் இருந்திருக்கும்?

"எனக்குத் தருவீங்களா? வில்லு செய்யணும்."

"வில்லோ? எந்தினா?"

"என் மனைவி அம்பு விடுவா."

சேச்சி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நிங்ஙளெ எய்யானோ?"

என்னை எய்வதற்கில்லை, போட்டிக்கு என்றேன். வில்லை உடைத்த கதையை, பச்சடி முதல் பாலிஷ் வரை, முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. சேச்சி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, அந்த ஓரத்துக் கழியிலிருந்து மீனையெல்லாம் அவரே இறக்கினார். பதிலுக்கு அதே நீளத்தில் ஒரு கழி வேண்டும் என்று மட்டும் கேட்டார். மறுநாளே எர்ணாகுளம் பிராட்வே சந்தையில் வாங்கிக்கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தேன்.

வீட்டுக்குக் கழியைக் கொண்டுவந்ததும் மனைவி செய்த முதல் காரியம், என் உப்புத்தாள் கட்டையும் பாலிஷ் டப்பாவையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதுதான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வேலை வாங்கினாள். பிளந்தேன். உள்பக்கத்தைச் சீவினேன். அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், மறுபடி சீவினேன். அவள் ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இளக்குங்க" என்றாள். கறுத்த தோல் பக்கம் முண்டும் முடிச்சுமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கை அரித்தது. அரிப்புத் தாங்காமல் போகும்போதெல்லாம் எழுந்து கடைக்குப் போய் எதையாவது தேய்த்துவிட்டு வந்தேன். யாரும் கேட்காமலே கடையில் மூன்று கட்டில்களும் பக்கத்து சாயாக்கடை பெஞ்சும் புதுசாகிவிட்டன.

வில் முடிந்தது. உடையவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடக் கருவாடு அதில் இருந்தது. சாம்பல் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், புளித்தண்ணீர் பூசினேன். புளித்தண்ணீருக்குப் பிறகு மீன்குழம்பு வாடை வந்தது. "ஒரே ஒரு கை பாலிஷ், வாடை உள்ளேயே நின்னுடும்" என்று கெஞ்சினேன்.

"நாறட்டும்ங்க. முறியாம இருந்தாப் போதும்."

போட்டியன்று மட்டாஞ்சேரித் துறையில் படகுக்குக் காத்திருந்தபோதே மூன்று பூனைகள் எங்களோடு வரிசையில் நின்றன. படகில் ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, மச்சினனின் பையைச் சந்தேகமாகப் பார்த்தார். மைதானத்தில் பக்கத்தில் நின்ற போட்டியாளர், "மத்தி வறுக்கறாங்களா?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் மனைவி எதையும் கவனிக்கவில்லை. தோள் இறங்கி, முதுகு நிமிர்ந்து, அவள் நின்ற நிற்பைப் பார்த்ததும் எனக்கும் வாடை மறந்துபோனது.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஐந்தாவது இடத்தில் இருந்தாள். கடைசி அம்பை நாணில் வைக்கும்போது எங்கிருந்தோ ஒரு செவலைப் பூனை மைதானத்துக்குள் நடந்து வந்தது. யாரையும் பார்க்காமல் நேராக அவளிடம் போய்க் காலில் உரசியது. பிறகு அவள் இடது பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வில்லை அண்ணாந்து பார்த்தது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் குனியவில்லை. காலை உதறவில்லை. மெதுவாக இழுத்தாள். புகையேறிய மூங்கில் முனகாமல் வளைந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு துஆ கேட்டதில்லை, அதுவும் ஒரு கருவாட்டுக் கழிக்காக.

அம்பு மஞ்சளில் குத்தியது. நாலாவது இடம்.

மச்சினன் குதித்ததில் பூனை ஓடியது. நடுவர் வந்து வில்லை வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். தோல் பக்கத்துக் கணுக்களைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். நான் அவசரமாக வேறு பக்கம் பார்த்தேன். அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அதே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். "மரம் தெரிஞ்ச ஆளு."

அதில் கேலி எங்கே இருக்கிறது என்று அவள் முகத்தில் தேடினேன். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. கண் கரித்தது. ஓடிப்போன பூனையைத் தேடுகிறவன் போல பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.